முகாம்ல திருப்பி அனுப்புற ஆளைப் பத்தி

நம்ம மலையகத்துல தலவாக்கலை, லிந்துலை, வட்டகொடை பக்கம் எங்கயாவது இரத்ததான முகாம் நடந்தா அன்னிக்கு சாயந்திரமே பேஸ்புக்ல படம் வந்துடும். கட்டில்ல படுத்திருக்கிற பொடியன்மாரு, தலைமாட்டுல நிக்கிற ஏற்பாட்டாளர்கள், கீழ எத்தனை பேர் இரத்தம் குடுத்தாங்கங்கிற கணக்கு. சந்தோசமான விசயம்தான், மறுக்கல. ஆனா அந்தக் கணக்குல வராத ஒரு கூட்டம் இருக்கு. வந்து, வரிசையில நின்னு, பேரெல்லாம் எழுதிக் குடுத்து, விரல்ல குத்திப் பாத்த பிறகு "ரத்தம் பத்தாது, இன்னொரு தடவை வாங்க"னு சொல்லக் கேட்டு வீட்டுக்குப் போனவங்க. பெரும்பாலும் பொம்பளைங்க. எத்தனை பேரை அப்பிடி அனுப்பினோம்னு எந்தப் படத்துக்குக் கீழயும் நாம எழுதுறதில்ல. அன்னிக்கு முகாமுக்கு வந்தவங்கள்லயே நாம கூடுதலா கவனிக்க வேண்டிய ஆளுக அவங்கதாங்கிறது என்னோட கட்சி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

அந்த விரல் குத்துற இடத்துல என்ன நடக்குதுன்னு முதல்ல பாருங்க. ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில நீலத் தண்ணி இருக்கும். அது மயில்துத்தக் கரைசல். எவ்வளவு அடர்த்தியா இருக்கணும்னு அளந்து கலக்கினது. உங்க இரத்தத்துல ஒரு சொட்டை அதுல விடுவாங்க. ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தா சொட்டு கனமா இருக்கும், நேரா அடிக்குப் போயிரும். குறைவா இருந்தா பாதியில தயங்கி நிக்கும், இல்லாட்டி மேல எழும்பி மிதக்கும். பத்துப் பதினஞ்சு செக்கன்ல முடிவு தெரிஞ்சுரும். (இப்ப சில இடத்துல கையடக்க மெசின்லயும் பாக்கிறாங்க.) நம்ம இலங்கையில இரத்தம் குடுக்க வயசு பதினெட்டுக்கும் அறுபதுக்கும் நடுவுல இருக்கணும், எடை ஐம்பது கிலோவாவது வேணும், ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கணும், கடைசியா குடுத்து நாலு மாசம் கழிஞ்சிருக்கணும். இதுல எடைக்கும் ஹீமோகுளோபினுக்கும்தான் நம்ம தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க அடிபடுறது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. தோட்டத்துல இருக்கிற ஒரு ஆளோட இரத்தத்தை எப்ப பாக்கிறாங்க? புள்ளைத்தாச்சியா இருந்தா கிளினிக்ல பாப்பாங்க. இரும்புச்சத்துக் குளிசை குடுப்பாங்க, திரிபோஷ சத்துமா குடுப்பாங்க, மிட்வைஃப் லய வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க. அந்த ஏற்பாடு நல்லாவே நடக்குது. ஆனா கல்யாணம் ஆகாத இருபது வயசுப் பிள்ளைக்கு? கொழும்புல கடையில வேலை செய்ற பொடியனுக்கு? நாப்பத்தஞ்சு வயசுல தினமும் கூடை தூக்கி மலை ஏறுற அம்மாவுக்கு? பெரிய வருத்தம்னு ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் உண்டு. அப்பிடிப் பாத்தா, உடம்புல ஒரு குறையும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு தானா நடந்து வந்து விரலை நீட்டுற இடம் பெரும்பாலும் இந்த முகாம்தான். அங்க அந்தச் சொட்டு மிதக்குது. ஒரு தகவல் கிடைச்சிருச்சு. அந்தத் தகவலை நாம என்ன செய்றோம்? "கீரை சாப்பிடுங்க, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க"னு சொல்லி அனுப்பிடுறோம்.

இரத்தம் குறைவுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாலும் அதுக்குள்ள பல சங்கதி இருக்கு. பெரும்பாலான ஆளுகளுக்கு அது இரும்புச்சத்துக் குறைவுதான், அதுல சந்தேகமில்ல. காலையில கோதுமை மா ரொட்டி, சம்பல், கூடவே கடுஞ்சாயத்துல ஒரு பிளேன்டீ. மலையில வேலை செய்றப்ப பத்து மணிக்கு இன்னொரு கோப்பை. சாப்பாட்டோட சேத்துக் குடிக்கிற தேயிலைச் சாயம், அந்தச் சாப்பாட்டுல இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்புச்சத்தையும் உடம்புல சரியாச் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிச்சா பாதிப்பு குறைவு. குளிசையையும் தேத்தண்ணியோட விழுங்கக் கூடாது, கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணியோட போட்டா நல்லா சேரும். மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், வயித்துல புழு எல்லாம் இதோட கூடிக்கிடும். ஆனா எல்லாருக்கும் காரணம் இது மட்டும்தான்னு முடிவு கட்டிட்டா, வருசக்கணக்கா குளிசை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத ஒரு ஆளுக்கு நம்மகிட்ட பதில் இல்லாமப் போயிரும். அந்த ஆள் தலசீமியாக் கேரியரா இருக்கலாம். அதாவது, அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ ஒரு பழுதான மரபணுவை வாங்கினவரா இருக்கலாம். அது நோய் இல்ல. அவர் நல்லாத்தான் இருப்பார், எண்பது வயசு வரைக்கும் இருப்பார். ஹீமோகுளோபின் மட்டும் எப்பவும் கொஞ்சம் கீழ நிக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் அடுத்த தலைமுறையில வருது. கேரியர் ரெண்டு பேர் கல்யாணம் பண்ணினா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு, பிள்ளைக்கு முழு நோய் வர வாய்ப்பு இருக்கு. பீட்டா தலசீமியா கடுமையா வந்த பிள்ளைக்கு மூணு நாலு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏத்தணும், ஆயுசு முழுக்க. ஏத்துற இரத்தத்தோட வர்ற இரும்பு இதயத்துலயும் ஈரல்லயும் படியும், அதை வெளியேத்த வேற மருந்து. 2000ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில வந்த இலங்கை ஆய்வு, நம்ம நாட்டுல நூறு பேருக்கு ரெண்டு பேருக்குக் கொஞ்சம் மேல பீட்டா தலசீமியாக் கேரியர்னு சொல்லிச்சு. சிகிச்சை தேவைப்படுற நோயாளிங்க ரெண்டாயிரத்துக்கும் மேல இருப்பாங்கன்னும் கணிச்சது. குருநாகல், அநுராதபுரம், பதுளை, ராகம ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கிறது அதனாலதான்.

தலசீமியா மாதிரியே பரம்பரையா வர்ற இன்னொரு இரத்த நோய் சிக்கிள் செல். அரிவாள் செல்னும் சொல்லுவாங்க. இரத்தத்துல இருக்கிற சிவப்பணு வட்டத் தட்டு மாதிரி, நெகிழ்வா இருக்க வேண்டியது. இந்த நோய் இருந்தா ஒட்சிசன் குறையிறப்ப அது விறைச்சு வளைஞ்சு போகும், சின்ன இரத்தக் குழாய்ல அடைச்சுக்கிடும். அடைச்ச இடத்துல தாங்க முடியாத வலி. சின்னப் பிள்ளைங்களுக்குக் கையும் காலும் வீங்கும், சிலருக்குப் பக்கவாதம் கூட வரும். உலகத்துல இது ஆப்பிரிக்காவுலதான் அதிகம். ஆனா இந்தியாவுல இது இருக்குன்னு முதல்ல பதிஞ்ச இடங்கள்ல ஒண்ணு எது தெரியுமா? நீலகிரி. 1952ல லெஹ்மன், கட்புஷ்னு ரெண்டு ஆய்வாளர்கள் அங்க உள்ள மலைவாழ் மக்கள்கிட்ட இரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிச்சாங்க. பனியர், குறும்பர், இருளர் சமூகங்கள்ல இன்னிக்கும் அது இருக்கு. அங்க கூடலூர்ல 1990ல தொடங்கின அஷ்வினி அமைப்போட ஆதிவாசி ஆஸ்பத்திரி இந்த நோய்க்காகவே ஒரு திட்டம் நடத்துது. அந்தச் சமூகத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாவும் தாதிகளாவும் பயிற்றுவிச்சு, அவங்க மூலமா ஊருக்குள்ள போற ஆஸ்பத்திரி அது. நீலகிரி நமக்கு எட்டாத தூரம் இல்ல. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்க இருந்து போன நம்ம சனத்துல நிறையப் பேர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்லதான் குடியேறினாங்க; அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசு அங்க தேயிலைத் தோட்டமே போட்டுச்சு. நம்ம பாட்டன் பூட்டனோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கு பனியர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல இருக்காங்க.

"அது ஆதிவாசிங்க நோய், நமக்கு ஏன்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம முன்னோர்ல பெரும்பாலான ஆளுக திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துச் சமவெளியில இருந்து வந்தவங்க, நீலகிரி மலையில இருந்து வந்தவங்க இல்ல. இலங்கையில 2016 டிசம்பர்ல இருந்து 2019 மார்ச் வரைக்கும் ஏழு தலசீமியா நிலையங்கள்ல ஒரு ஆய்வு தேடி எடுத்த சிக்கிள் செல் நோயாளிங்க மொத்தம் 60 பேர். அதுல 52 பேர் சிங்களவங்க. அப்போ நமக்கு இல்லைன்னு கணக்கை மூடிரலாமா? அந்த அறுபது பேரோட விவரத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சிக்கிள் மரபணு வாங்கினவங்க 9 பேர்தான். மிச்சம் 51 பேரும் ஒரு பக்கத்துல சிக்கிள், மறுபக்கத்துல பீட்டா தலசீமியா வாங்கினவங்க. ரெண்டு வேற வேற கேரியர் சேந்தாலும் நோய் வருது, இந்த நாட்டுல அப்பிடித்தான் அதிகமா வந்திருக்கு. அந்தப் பீட்டா தலசீமியா இனம், மதம், மாகாணம் பாத்து வர்றதில்ல. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் எல்லாச் சமூகத்துலயும் இருக்கு. மலேரியா இருந்த ஊர்ல எல்லாம் இந்த மரபணுக்கள் நிலைச்சது, ஏன்னா கேரியர்களுக்கு அது மலேரியாவுல இருந்து ஓரளவு காப்புக் குடுத்துச்சு. தலவாக்கலைக் குளிர்ல மலேரியா கிடையாது. ஆனா நாம இந்தக் குளிர்ல தோன்றின சனம் இல்லையே. இருநூறு வருசத்துல மரபணு மறைஞ்சு போயிராது.

அந்த ஆய்வுல இன்னொரு தகவலும் இருக்கு, எனக்கு மனசுல நின்னது அதுதான். அறுபது பேர்ல 39 பேருக்கு மூட்டு வலி. அதுதான் அவங்ககிட்ட கண்ட அறிகுறிகள்ல முதலாவது. நம்ம பக்கத்துல மூட்டு வலின்னு ஒருத்தர் சொன்னா என்ன சொல்லுவோம்? குளிர், மழையில நனைஞ்சது, கூடைப் பாரம். தைலம் தேய்ப்போம், பெனடோல் போடுவோம். பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். ஆனா சின்ன வயசுலயே மூட்டு வலி, அடிக்கடி மஞ்சக்கண், கூடவே இரத்தமும் குறைவு, இது மூணும் ஒரே ஆள்கிட்ட இருந்தா குளிர் மேல பழி போட்டுட்டு விட்டுரக் கூடாது.

கேரியரான்னு சோதிச்சுப் பாக்க இன்னொரு காரணம் நம்ம கல்யாண வழக்கம். அத்தை மகன், மாமன் மகள், சில வீட்டுல தாய்மாமனே மாப்பிள்ளை. நான் இந்த வழக்கத்தைக் குறை சொல்ல வரல, அதுக்குப் பின்னால இருக்கிற உறவு, பாதுகாப்பு எல்லாம் எனக்குப் புரியும். கணக்கை மட்டும் சொல்றேன். ஒரு பொண்ணு கேரியர்னு வைங்க. வெளியில எடுக்கிற மாப்பிள்ளை கேரியரா இருக்க நூத்துக்கு ரெண்டு வாய்ப்பு. சொந்த அத்தை மகனா இருந்தா எட்டுல ஒண்ணுக்குக் குறையாது. தாய்மாமனா இருந்தா நாலுல ஒண்ணுக்குக் குறையாது. சொந்தத்துல முடிக்கிற குடும்பங்கதான் இந்தச் சோதனையை முதல்ல செஞ்சு பாக்கணும்னு நான் சொல்றது இதனாலதான். செஞ்சு பாத்து ரெண்டு பேரும் கேரியர் இல்லைன்னா இந்த நோயைப் பத்தின கவலையை விட்டுட்டு முகூர்த்தம் பாக்கலாம்.

இங்க வர்ற பெரிய ஆட்சேபணை எனக்குத் தெரியும். "இதையெல்லாம் கிளப்பினா கல்யாணம் நின்னு போகும், பொம்பளைப் பிள்ளை பேரு கெட்டுப் போகும்." இது வெறும் பயம் இல்ல, நடக்கக் கூடியது. லயத்துல ஒரு காம்பராவுல பேசினா அடுத்த காம்பராவுக்குக் கேக்கும். ஒரு பிள்ளையோட ரிப்போட் வெளியில தெரிஞ்சா போதும். அதுக்காகத்தான் முகாம்ல இருந்து தொடங்கலாம்னு சொல்றேன். முகாமுக்கு ஆம்பளைங்களும் வர்றாங்க. சோதனை ஆம்பளைப் பொடியன்மாருல இருந்து தொடங்கினா, கேரியர்ங்கிறது பொண்ணு பக்கத்துக் குறைன்னு யாரும் முத்திரை குத்த முடியாது. பொண்ணு பாக்கிற நேரத்துல சோதிச்சாத்தான் அது பேரத்துல போய் நிக்கும். பதினெட்டு, இருபதுல, யாரைக் கட்டப் போறோம்னே தெரியாத வயசுல தெரிஞ்சுக்கிட்டா அது இரத்த குரூப் மாதிரி ஒரு தகவல். சைப்ரஸ்ல 1980கள்ல இருந்து தேவாலயத்துல கல்யாணம் முடிக்கணும்னா தலசீமியாச் சோதனை செஞ்ச சான்றிதழ் குடுக்கணும். கேரியர் ஜோடின்னு தெரிஞ்சா கல்யாணத்தைத் தடுக்க மாட்டாங்க. அப்பிடித் தெரிஞ்ச ஜோடிங்களும் பெரும்பாலும் பிரியாம கல்யாணம் முடிச்சாங்க. ஆனா ஒண்ணை மறைக்காம சொல்லணும். அங்க நோயோட பிறக்கிற பிள்ளைங்க தொகை குறைஞ்சதுக்குப் பெரிய காரணம் கருவுலயே சோதிச்சு முடிவெடுக்க வழி இருந்தது. இலங்கைச் சட்டத்துல தாயோட உயிரைக் காப்பாத்துறதுக்குத் தவிர கருக்கலைப்புக்கு அனுமதி இல்ல. இங்க பிள்ளை தரிச்ச பிறகு தெரிஞ்சா தம்பதிக்குச் செய்றதுக்கு ஒண்ணும் இருக்காது. அதனால நமக்கு இருக்கிற நேரம் கல்யாணத்துக்கு முன்னால உள்ள நேரம் மட்டும்தான்.

இன்னொரு ஆட்சேபணை, இதுவும் பலமானது. "முதல்ல சம்பளம் குடுங்க, சாப்பாடு குடுங்க, பிறகு மரபணுவைப் பத்திப் பேசலாம்." 2024ல அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்னு வர்த்தமானி வந்துச்சு. அந்தக் காசுல ஒரு குடும்பம் கிழமையில எத்தனை நாள் மீனோ இறைச்சியோ வாங்கியிருக்கும்னு தலவாக்கலைச் சந்தையில விலை கேட்டவங்களுக்குத் தெரியும். சம்பளப் போராட்டத்தை இது தள்ளி வைக்கணும்னு நான் சொல்லவே இல்ல. மிதந்த சொட்டுங்கள்ல எத்தனை பசியால வந்தது, எத்தனை பரம்பரையால வந்ததுன்னு பிரிச்சுக் காட்டினா அந்தப் போராட்டத்துக்கே அது ஆதாரம். ஒரு தோட்டத்துல முகாமுக்கு வந்த பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு இரும்புச்சத்து இல்லைன்னு ஆஸ்பத்திரி ரிப்போட்டோட தொழிற்சங்கம் மேசைக்குப் போனா, அதை வாய்ப்பேச்சுன்னு யாரும் தள்ள முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்ல. திருப்பி அனுப்புற ஒவ்வொரு ஆள் கையிலயும், கல்யாணம் ஆகாத பொடியன்மாரு கையிலயும் ஒரு துண்டு: "முழு இரத்தப் பரிசோதனை செய்யவும்." எஃப்பிசின்னு சொன்னா எந்த லேப்லயும் தெரியும், அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமச் செய்யலாம். அந்த ரிப்போட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணுவோட அளவு. அது 80க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் ஒண்ணு இரும்புச்சத்துக் குறைவு, இல்லாட்டித் தலசீமியாக் கேரியர். இரும்பு குறைவா இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும், ஏன்னா இரும்புக் குறைவு கேரியர் சோதனையோட முடிவையே மறைச்சிரும். பிறகும் எம்சிவி ஏறலைன்னா எச்பிஎல்சிங்கிற கேரியர் சோதனைக்கு அனுப்பச் சொல்லி டொக்டர்கிட்ட கேளுங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. சிக்கிள் கேரியரோட ஹீமோகுளோபினும் எம்சிவியும் சாதாரணமாவே இருக்கும். அவர் சொட்டு நேரா அடிக்குப் போகும், இரத்தம் குடுத்துட்டு பிஸ்கட் சாப்பிட்டு வீட்டுக்குப் போயிருவார். அதனால ஒருத்தர் தலசீமியாக் கேரியர்னு தெரிஞ்சா, அவரோட துணைக்கு எஃப்பிசி மட்டும் பாத்துட்டு "இவங்களுக்கு ஒண்ணுமில்ல"னு விட்டுரக் கூடாது. துணைக்கும் எச்பிஎல்சி செய்யணும். அந்த 51 பேரோட அப்பா அம்மாவுக்கு இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, தெரிஞ்சு முடிவெடுத்திருப்பாங்க.

இரத்தம் குடுக்கிற பக்கத்துக்கும் வர்றேன், ஏன்னா ரெண்டும் ஒரே கயிறுதான். 2014ல இருந்து இலங்கையில இரத்தம் முழுக்க முழுக்க தானமா, காசு வாங்காம வருது. வருசத்துக்கு நாலு இலட்சம் பைக்கு மேல. தெற்காசியாவுல இது சாதாரண சாதனை இல்ல. ஆனா சிவப்பணுவை ஆறு கிழமைக்கு மேல குளிர்சாதனப் பெட்டியில வச்சிருக்க முடியாது, பிளேட்லெட் அஞ்சு நாள்தான். வெசாக், பொசன் நேரத்துல பெட்டி நிறைஞ்சு வழிஞ்சாலும் ரெண்டு மாசம் கழிச்சு வர்ற தலசீமியாப் பிள்ளைக்கு அது உதவாது. நம்ம பக்கத்துல சொந்தக்காரருக்கு ஆபரேசன்னா பத்துப் பேர் வேன் பிடிச்சு நுவரெலியாவுக்குப் போவோம், அந்த மனசு பெரிசு. அதே பத்துப் பேர் நாலு மாசத்துக்கு ஒரு தடவை முறை வச்சுக் குடுத்தா, பேர் தெரியாத ஒரு பிள்ளை மூணு கிழமைக்கு ஒருக்கா நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரும். (கேரியரா இருந்தாலும் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தா பொதுவா இரத்தம் குடுக்கத் தடை இல்ல, டொக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடுக்கலாம்.)

முகாம் எப்ப வைக்கிறதுங்கிறதுலயும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. நம்ம தோட்டங்கள்ல ஐம்பது கிலோவும் ஹீமோகுளோபினும் உள்ள ஆளுகள்ல நிறையப் பேர் கொழும்புல கடையிலயும் ஹோட்டல்லயும் வேலை செய்றாங்க. சாதாரண ஞாயித்துக்கிழமை முகாம் வச்சா வர்றது பெரும்பாலும் கொழுந்து எடுத்துக் களைச்ச பொம்பளைங்களும் பெரியாக்களும்தான், நிறையப் பேர் திரும்பிப் போவாங்க. தைப்பொங்கல், சித்திரை வருசம், தீபாவளி, கோயில் திருவிழா, இதுல ஏதாவது ஒண்ணுக்கு மறுநாள் வைங்க. பொடியன்மாரு ஊர்ல இருப்பாங்க, கல்யாணப் பேச்சு இன்னும் தொடங்காத வயசுக்காரங்களும் அதுல இருப்பாங்க. ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்கு ஒரு மாசத்துக்கு முன்னாலயே எழுதிக் குடுங்க. தோட்டத்து டிஸ்பென்சரி டொக்டரையும் மிட்வைஃபையும் அன்னிக்கு வரச் சொல்லுங்க, அந்தத் துண்டை எழுதிக் குடுக்கிற மேசையில அவங்க உக்காரட்டும். துண்டு வாங்கினவங்களோட பேரை ஒரு கொப்பியில எழுதி, அந்தக் கொப்பி மிட்வைஃப்கிட்ட மட்டும் இருக்கட்டும், கமிட்டிக்காரங்க கைக்குப் போக வேணாம். அடுத்த மாசம் எஃப்பிசி செஞ்சாச்சான்னு அவங்க விசாரிக்கட்டும். செய்யாதவங்களை லிந்துலை ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ ஒரு வேன்ல சேந்து கூட்டிட்டுப் போறதுக்கான செலவை, முகாமுக்கு பெனர் அடிக்கிற காசுல இருந்தே எடுக்கலாம்.